கொப்பரையை வைத்து நடத்திய பாடம்

ஜூன் 9

இது போன வருஷத்து டைரி. மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ கொடுத்தது. கிழமையெல்லாம் தப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் அடித்து எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே கிழமை மறந்தால் குற்றம் என்னுடையது இல்லை.

மகள் உமையாள் கோயம்புத்தூரிலிருந்து போனில் உத்தரவு போட்டாள். "தினமும் நாலு வரி எழுதுங்கப்பா. ஞாபகம் நிக்கும்." என் ஞாபகத்துக்கு என்ன கேடு? மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷம் உடற்கூறியல் நடத்தியவன் நான். பேராசிரியர் ஆவுடையப்பன் வகுப்பு என்றால் கடைசி பெஞ்சுக்காரன்கூட தூங்க மாட்டான். மண்டையோட்டுத் துளைகளை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். காலையில் காபி குடித்தேனா என்பதை மட்டும் வடிவிடம் கேட்டுக்கொள்கிறேன். பெண்டாட்டி வேறு எதற்கு இருக்கிறாள்?

இன்றைய புகார்: தரை ஒட்டுகிறது. வேலைக்கு வரும் இசக்கியம்மாள் ஏதோ புது பினாயில் ஊற்றித் துடைக்கிறாள். காலைத் தூக்கினால் பாதம் வர மாட்டேன் என்கிறது. வடிவிடம் சொன்னேன். "வேற வாங்குதேன்" என்றாள்.

ஜூன் 11

பாளையங்கோட்டையில் இந்த வருஷம் சாரல் கொஞ்சம் அதிகம்தான். ஜன்னல் வழியாக அடித்துப் படுக்கை நனைந்துவிட்டது. வேட்டியும் நனைந்துவிட்டது. வடிவு ஒன்றும் பேசாமல் விரிப்பை உருவிக் கொண்டுபோனாள். நெல்லை ஜங்ஷன் வரைக்கும் பஸ்ஸில் வாயை மூடாமல் வருகிறவள், இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஜூன் 12

மறுபடியும் சாரல். "ஜன்னலைச் சாத்தினா என்ன?" என்று கத்தினேன். "சாத்துதேன்" என்றாள். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் ஜன்னலைச் சாத்துவது என்ன பெரிய காரியமா?

ஜூன் 15

செருப்பை மாற்றினேன். பிரயோஜனம் இல்லை. கோளாறு பினாயிலில்தான்.

சட்னிக்கு இசக்கி தேங்காய் உடைத்தாள். பழக்க தோஷம், பாடம் எடுத்துவிட்டேன். "பாரு இசக்கி, ஓடுதான் மண்டையோடு. அதுக்கு உள்பக்கம் ஒட்டின மாதிரி ஒரு தடிச்ச உறை. தோல் செருப்பு மாதிரி கெட்டி. வன்சவ்வுன்னு பேரு. அதுக்கடியில சிலந்திவலை மாதிரி மெல்லிசா ஒண்ணு. அதுக்கும் அடியில மென்சவ்வு. அது மூளையோட ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் நுழைஞ்சு, பிரிக்கவே முடியாம ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்."

"பருப்பு மேல இருக்கிற செந்தோல் மாதிரியா அய்யா?" என்றாள். நல்ல மாணவி.

ஷோகேஸிலிருந்து என் பழைய கொப்பரையை எடுத்துக் காட்டினேன். வகுப்புக்கு வருஷா வருஷம் கொண்டுபோனது, பாதியாக அறுத்து வார்னிஷ் அடித்தது. பச்சைத் தேங்காய் என்றால் கெட்டுப்போகும். மேஜையெல்லாம் தண்ணீர் கொட்டும். கொப்பரை என்றால் தொல்லையில்லை.

ஜூன் 19

போனில் வடிவு பேசுவதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. கூடத்திலிருந்து நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஞாபகம் போனவர்களுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறதாம். என்னை அங்கே விட்டுவிட்டு வடிவை உமையாள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொள்வாளாம். வாரம் ஒரு நாள் வந்து பார்க்கலாமாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எனக்கு விசிட்டிங் அவர்ஸ்.

யாரைக் குறை சொல்ல? தீர்ப்பு எழுதியதே நான்தான். போன வருஷம் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை யாரும் படிப்பதற்கு முன்னால் நானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூளைக்குள் இருக்கும் அறைகள் பெரிதாக இருந்தன. "வயசு. மூளை சுருங்கியிருக்கு. சுருங்குன இடத்துல தண்ணி நிக்குது. இதுக்கு வைத்தியம் கிடையாது" என்றேன். அறுப்பு மேஜையில் எத்தனை கிழட்டு மூளைகளில் அதே பெரிய அறைகளைப் பார்த்து, அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். மூளையைப் பற்றி என்னோடு யார் வாதாடுவார்கள்? வீடே நம்பிவிட்டது.

வடிவு கடைசியில், "ஆடி பொறக்கப் போவுது. ஆடியில குடி மாத்தக் கூடாது. ஆவணி வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் நாள் பார்க்கிறவளே இல்லை. இப்போது எதற்குப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 20

போனில் வடிவு பேசுவதைக் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ இல்லமாம். யாருக்கு என்று தெரியவில்லை.

ஜூலை 3

வாசல்படியை யாரோ உயர்த்திவிட்டார்கள். கொத்தனார் எப்போது வந்தார்? கேட்டால் யாரும் வரவில்லை என்கிறார்கள். நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் கால் ரெண்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுகிறது. பின்னால் இருந்து வடிவு "ம், வலது… இடது…" என்கிறாள். என்.சி.சி. பரேடு மாதிரி. அவமானமாக இருக்கிறது.

கழிவறையும் முன்பைவிடத் தூரத்தில் இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள்

(இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.)

ஜூலை 9

எழுந்தால் என் கையில் துணி முடிச்சு. சிவப்புக் கரை. அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு எப்படி அவிழ்ப்பது என்று விரல்களுக்கு மறந்துவிட்டது. அறுப்பு மேஜையில் தலைமயிர் கனமே உள்ள நரம்பைப் பிரித்தெடுத்த விரல்கள். யார் கட்டினார்கள்? கோயில் காப்பா? விசேஷம் எதுவும் இருந்ததா?

ஜூலை 10

காபி குடிக்கவில்லை என்றேன். நான் குடித்து வைத்த ரெண்டு டம்ளரை வடிவு காட்டினாள்.

ஜூலை 19

உமையாள் வந்திருக்கிறாள். வங்கி மேனேஜர் ஆனதிலிருந்து என்னிடமும் கவுண்டருக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறாள். இல்லத்தில் சேர்க்க நரம்பு மருத்துவர் சான்றிதழ் கேட்டிருக்கிறார்களாம். கூட்டிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஜெரால்டின் என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். ஸ்கேன் படத்தை நீட்டி, "வயசுக்குரிய சுருக்கம்" என்று நானே ஆரம்பித்தேன். அவர் படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"படம் இருக்கட்டும் சார். அந்தக் கதவு வரை நடந்துட்டு வாங்க."

நடந்தேன். அவருடைய ஆஸ்பத்திரியிலும் அதே பினாயில்தான் போடுகிறார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "சிறுநீர் அடக்க முடியுதா?" என்று கேட்டார். மகளை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா? "சாரல்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம்தான் படத்தை எடுத்தார். "மூளை சுருங்கியிருந்தா மேல இருக்கிற மடிப்பெல்லாம் விலகி இடைவெளி விழுந்திருக்கணும் சார். இங்க பாருங்க. உச்சியில மடிப்பு எல்லாம் நெருக்கிக்கிட்டு இருக்கு. உள்ள அறை மட்டும் ஊதியிருக்கு. சுருங்கினதால தண்ணி நிக்கல. தண்ணி வடியாததால உள்ளேருந்து அமுக்குது. நடை, ஞாபகம், சிறுநீர் மூணும் அதனால இருக்கலாம்."

பார்த்தேன். நெருக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. போன வருஷமும் இதே படம்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதைவிட, நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பது புரியவில்லை.

முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் பார்க்கலாமாம். நடை மாறினால் காரணம் தண்ணீர்தான். மாறாவிட்டால் சான்றிதழ் தருகிறேன் என்றார்.

ஜூலை 23

நாளை எங்கேயோ போகிறோம். சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். கல்யாண வீடா?

ஜூலை 24

கையெழுத்து நேராக வருகிறது. சாயங்காலம் எழுதுகிறேன்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி. வன்சவ்வைத் தாண்டும்போது சின்னதாக ஒரு 'டப்'. வகுப்பில் சொல்லியிருக்கிறேன், "அந்த டப்பை விரல் உணரும்" என்று. உள்ளிருந்து உணர்வது வேறு மாதிரி இருக்கிறது.

சொட்டுச் சொட்டாகக் குழாயில் பிடித்தார்கள். முடிந்ததும், "நான் பார்க்கலாமா?" என்றேன். டாக்டர் கண்ணாடிக் குழாயை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். அருவித் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு. ஏதோ பெரிய வெளிச்சம் அதில் இருந்தது. வேறொன்றுமில்லை, டியூப் லைட்.

எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷம் மூளையைக் கையில் ஏந்தியவன் நான். இதைப் பார்த்ததே கிடையாது. பிணம் எங்கள் மேஜைக்கு வருவதற்குள் இந்தத் தண்ணீர் வடிந்துவிடும். ஃபார்மலினில் கெட்டித்த மூளையும், ஒட்டிப்போன சவ்வும்தான் எங்களுக்கு. ஒன்றரைக் கிலோ மூளை இந்தத் தண்ணீரில் மிதப்பதால்தான் கனமே இல்லாமல் இருக்கிறது என்று ஒரு வரி சொல்வேன். பரீட்சைக்கு வரும் என்று சொல்வேன். அடுத்த பக்கம் போய்விடுவேன். தினமும் அரை லிட்டர் ஊறி, தினமும் வடிய வேண்டிய தண்ணீர். அது வடியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க, மேஜை மேல் தண்ணீர் இருந்தால்தானே?

கொப்பரையை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மாலை நாலு மணி வாக்கில் நடக்கச் சொன்னார்கள். வராந்தாவில் நடந்தேன். கால் தரையை விட்டு எழும்பியது. சும்மா, அது பாட்டுக்கு. வடிவு பின்னாலேயே ஓடி வந்து, "ஏங்க, மெதுவா போங்க, எதுக்கு இவ்வளவு வேகம்?" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஜூலை 26

மார்க்கெட் வரை போய் வந்தேன். வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல். வடிவு திட்டினாள். வயிறு நிறையத் திட்டு வாங்கி எவ்வளவு நாளாகிறது.

காற்று நன்றாக இருந்ததால் படுக்கையறை ஜன்னலைத் திறக்கப் போனேன். அசையவில்லை. கொக்கி துருப்பிடித்து, அதன் மேல் பெயிண்ட் பூசி அடைத்திருக்கிறது. "இது எப்பத்திலருந்து திறக்கல?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சதுலருந்தே திறக்க வராது அய்யா. ரெண்டு வருசம் இருக்கும்."

அப்படியானால் சாரல்

வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

ஜூலை 27

டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். ஊசியால் எடுத்தது சில நாள்தான் தாங்கும், மறுபடி ஊறிவிடும் என்றார். நிரந்தரமாக வேண்டுமானால் மண்டையில் துளை போட்டு, உள்ளறைக்குள் மெல்லிய குழாய் விட்டு, தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். நடுவில் ஒரு வால்வு. அதிகப்படியான தண்ணீர் வயிற்றுக்குப் போய்விடும்.

முடியாது என்றேன்.

எனக்குத் தெரியாததா? ஓடு, வன்சவ்வு, வலைச்சவ்வு, மென்சவ்வு, அப்புறம் மூளையையே குத்திக்கொண்டு குழாய் போகும். வழியில் ஒரு ரத்தக்குழாய் அறுந்தால் போச்சு. கிருமி புகுந்தால் போச்சு. செத்தவன் தலையில் ரம்பம் வைக்கக் கை நடுங்கியதே இல்லை. என் தலை என்றதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "இப்ப நல்லாத்தான இருக்கேன்? பார்க்கலாம்" என்றேன்.

உமையாள் ஊருக்குக் கிளம்பும்போது, "அப்ப ஆவணியில பேசினபடியே செஞ்சிரலாம்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 31

இன்றைக்குத் தரை ஒட்டுகிறது. இசக்கியைக் கூப்பிட்டு, "மறுபடியும் அந்தப் பினாயிலை வாங்கிட்டியா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மாசமா வெறுந்தண்ணியிலதான் அய்யா துடைக்கேன். அம்மாதான் சொன்னாவ, அய்யா மனசு சமாதானமாவட்டும்னு."

வடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன். வருவதற்கு நிறைய நேரம் ஆனது.

ஆகஸ்ட் 2

காபி குடிக்கவில்லை. குடித்தேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 3

எழுதி வைத்துவிட வேண்டும். போய்விடும்.

விடிந்ததும் கையில் மறுபடியும் அந்த முடிச்சு. கோபம் வந்து இழுத்தேன். கட்டிலுக்குக் கீழேயிருந்து "அம்மா" என்று சத்தம். வடிவு. தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். என் கையில் கட்டியிருந்தது அவள் முந்தானை. நான் இழுத்ததில் தலை கட்டில் காலில் இடித்துவிட்டது.

"என்னைய எதுக்குடி கட்டிப் போட்ட? மாடா நான்?"

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்க எந்திரிச்சா எனக்குத் தெரியணும்லா. ஒரு நாள் கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போயிட்டீங்க. ஒரு நாள் பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தீங்க. அதுலருந்து கட்டிக்கிட்டுத்தான் படுக்கேன். நீங்க புரண்டு படுத்தாலும் முழிச்சிருவேன். நான் ஒரு தூக்கம் முழுசாத் தூங்கி ரெண்டு வருசம் ஆச்சுங்க. அந்த இல்லத்துல கொண்டுபோய் விட்டா நான் தூங்கலாம்னுதான் உமையாள் சொல்லுதா. நீங்க அங்க இருக்கையில எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அதான் ஆடி, ஆவணின்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

ரோட்டுக்கு எப்போது போனேன்? எனக்கு ஞாபகம் இல்லை. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை.

"துளை போடச் சொல்லு" என்றேன்.

"என்னது?"

"அந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, துளை போடச் சொல்லு. நான் நாளைக்கு வேண்டாம்னு சொன்னாலும் கேக்காத."

பயம் போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

வேண்டாம் என்றேனாம். வடிவு மூன்றாம் தேதிப் பக்கத்தை விரித்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கையெழுத்து என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 8

வெள்ளைச் சுவர். தலையை மழித்திருக்கிறார்கள். பழனிக்கு எப்போது வந்தோம்?

ஆகஸ்ட் 9

தரை ஒட்டுகிறது என்று எழுத வந்தேன். காரணம் தரை இல்லை. தண்ணீர்.

இன்றைக்குத்தான் துளை போடுகிறார்கள் போல. வடிவு வெளியில் இருக்கிறாள். உள்ளே விட மாட்டார்களாம். நல்ல மஞ்சள் சேலை.

ஆகஸ்ட் 18

வீட்டுக்கு வந்தாயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு புடைப்பு, வால்வு. கழுத்தைத் தடவினால் தோலுக்கடியில் குழாய் தட்டுப்படுகிறது. இசக்கி தள்ளி நின்றே பார்த்தாள். "வலிக்குதா அய்யா?" என்றாள். "இல்ல. இனிமே என் மண்டைக்கனம் வயித்துக்கு இறங்கிரும்" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

நேற்று ஆவணி பிறந்துவிட்டது என்று வடிவு சொன்னாள். உமையாள் போன் செய்து, "அந்த இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்பா. இப்போதைக்கு" என்றாள். இப்போதைக்கு என்பதை நானும் கேட்டுக்கொண்டேன். நடை பாதிதான் தேறியிருக்கிறது. சில பெயர்கள் இன்னும் வரவில்லை. டாக்டரின் பெயரை வடிவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23

கட்டிலில் உட்கார்ந்தபடி, இடது கையால் டைரியைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலது கை சும்மாதான் இருக்கிறது. இல்லை, தப்பு. வலது கையால்தான் எழுதுகிறேன். முடிச்சு இருப்பது இடது மணிக்கட்டில்.

நன்றாக விடிந்துவிட்டது. பால்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். வடிவு எழுந்திருக்கவில்லை. பாயில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, வாயை லேசாகத் திறந்து தூங்குகிறாள். குறட்டை வேறு. இவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது. முன்பெல்லாம் வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடும். இப்போது வருகிறது என்று தெரிகிறது, இரு என்றால் இருக்கிறது.

சிவப்புக் கரை முந்தானை. ஒற்றை முடிச்சுதான். எந்த நுனியை இழுத்தால் அவிழும் என்று விரலுக்குத் தெரிகிறது. இழுத்துவிட்டுப் போய்விடலாம். கால் போகும். ஆனால் துணி அசைந்தால் விழித்துவிடுவாள். பாதித் தூக்கத்தில் தட்டுத்தடுமாறி எழுந்து "எங்கங்க போறீங்க?" என்பாள்.

இசக்கி வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் தூங்கட்டும். அதுவரை அடக்கிக்கொள்ள முடியும்.